தகரத் தெரு மாடி வீடு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். சூடான உருளையிலிருந்து துணி வெளியே வரும்போதே ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேர்க்கிற நேரத்தில்தான் பேச முடியும். விலகிப் போனால் இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் எங்கள் கூடத்தில் எல்லாப் பேச்சும் துண்டு துண்டாகத்தான் நடக்கும். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தால் முடிப்பதற்குள் நாற்பது விரிப்பு அடுக்கிவிடலாம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள் எனக்கு ஜோடியாகப் போட்டார்கள். புதிதாக வருகிறவளுக்கு, அடுத்த ஆள் வரும்வரை, 'புதுசு' என்றுதான் எங்களிடம் பேர். முப்பது வயது இருக்கும். கை வேகம் நன்றாக இருந்தது. கண்தான் எப்போதும் தூக்கத்தில் செருகிக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்த ஊர்ல வாடகை கம்மியான ஏரியா எது?"

"கம்மின்னா எவ்வளவு கம்மி?"

துணி விலகிச் சேர்ந்தது.

"எங்களால குடுக்க முடிஞ்ச அளவு கம்மி."

பதினோரு வருஷத்தில் அந்த ஊரில் ஐந்து வீடு மாறியவள் நான். ப்ரோக்கர்களே என்னிடம் வழி கேட்பார்கள். அது பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. வாடகை கேட்கும்போது மட்டும் பெரிய ஊராகிவிடும், சம்பளம் கொடுக்கும்போது சின்ன ஊராகிவிடும். ஆஸ்பத்திரியையும் கல்லூரியையும் சுற்றி இருக்கிற தெருக்களில் எங்களைப் போன்றவர்கள் நடந்து போகலாம், குடியிருக்க முடியாது. அங்கிருந்து தள்ளிப் போகப் போக வாடகை இறங்கும். ஆனால் எங்கேயாவது வாடகை சட்டென்று இறங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தோடு நம்மால் குடித்தனம் பண்ண முடியுமா என்று பார்க்க வேண்டும். வீடு தேடுவது என்பது அவ்வளவுதான்.

அவளுடைய வீட்டுக்காரர் லேத் வேலை பார்க்கிறவர். பம்பு செய்கிற ஒரு பட்டறையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். எத்தனை தடவை துவைத்தாலும் அவர் சட்டையில் இரும்புத் துருவல் மின்னும். அவருடைய சித்தப்பா மகள் வீட்டில், முன் அறையில், தற்காலிகமாகத் தங்கியிருந்தார்கள். அந்த வீட்டுப் பையன் மாற்றலாகிக் குடும்பத்தோடு வருகிறான், ஒன்றாம் தேதிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. கையில் இருந்தது பதினெட்டு நாள்.

எங்கள் ஷிப்ட் காலை ஆறு முதல் இரண்டு வரை. இரண்டரை மணி வெயிலில், ஒரு டீயும் பன்னும் தின்றுவிட்டுக் கிளம்புவோம். லேத்காரர் முடிந்தால் அனுமதி வாங்கிக்கொண்டு வருவார்.

முதலில் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புது நகரைப் பார்த்தோம். நல்ல காற்று. சுவரில் இன்னும் சிமெண்ட் வாசம் போகவில்லை. வாடகையும் ஒத்துவந்தது. ஆனால் முதல் பஸ் ஆறு நாற்பதுக்கு.

"நடந்தே வந்துருவேன்க்கா."

"ஆறு கிலோமீட்டரா? அப்படி வந்து நீ துணி மடிக்க மாட்டே, உன்னைத்தான் நாங்க மடிச்சு வெக்கணும்."

அடுத்து ஆற்றோரம். அங்கே ப்ரோக்கர் காட்டிய வீட்டில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தது.

"இதுவரைக்கும் மட்டும் எதுக்குங்க புதுசா அடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

ப்ரோக்கர் ஒரு கையில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றினார். "மழைக் காலத்துல லேசா ஈரம் வரும்."

"ஈரம் மட்டும் வருமா, மீனும் வருமா?"

அவர் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எங்களுக்கு வீடு காட்டவில்லை.

பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு உண்டு. புகை வரும், எஞ்சின் சத்தம் வரும், அதனால் வாடகை மலிவு. எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. ஆனால் தெருமுனையிலிருந்து டெப்போ கேட்டைப் பார்த்ததுமே லேத்காரர் நின்றுவிட்டார். "இங்க வேண்டாம்க்கா." அவளும் தலையை ஆட்டினாள். ஏன் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் ஒரு வீடு கிடைத்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டின் பின்கட்டு. இரண்டு அறை, தனிக் குழாய், பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரம். வாடகையைக் கேட்டு நானே ஒரு நிமிஷம் என் வீட்டைக் காலி செய்துவிடலாமா என்று யோசித்தேன். லேத்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அப்போது பக்கத்துப் போர்ஷனில் கைக்குழந்தை ஒன்று அழுதது. அதன் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் தட்டிக் கொடுப்பது கூடக் கேட்டது.

"வேண்டாங்க," என்றாள் அவள்.

"ஏன்?"

"வேண்டாம்."

லேத்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஏழு நாளாக என் வீட்டுச் சமையலைப் போட்டுவிட்டு வெயிலில் அலைந்திருக்கிறேன். "உனக்கு அரண்மனைதான் வேணும்னா ஆளை விடு தாயி," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் நான் அவளோடு பேசவில்லை. முப்பது விரிப்பு வரை ஊமை மாதிரி மடித்தோம். முப்பத்தோராவதில் முனையைச் சேர்க்கும்போது என் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க கூட இன்னொருத்தர் இருக்காரு."

விலகினோம். சேர்ந்தோம்.

"இவரோட அண்ணன். நான் மாமான்னு கூப்பிடுவேன். பஸ்ல கண்டக்டரா இருந்தாரு. படியில நிக்கிறப்போ டிரைவர் திடீர்னு பிரேக் போட்டுட்டாரு. விழுந்து தலையில அடி."

"அடடா. பொழைச்சது பெருசு."

"பொழைச்சுட்டாரு. இப்பவும் தினம் காலைல அஞ்சு மணிக்கு டியூட்டிக்குப் போறாரு."

"எங்க?"

"பாய்லயே."

அதற்கு மேல் துணி மடிக்க முடியவில்லை. கைவண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டோம்.

"எந்திரிச்சு உக்காந்து ஆரம்பிப்பாரு. ஏறுங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க, சில்லறையா குடுங்கன்னு. இருபது வருஷம் பழகின தொண்டைக்கா. தெரு முழுக்க எந்திரிச்சுரும். கால் மணி நேரம். அப்புறம் நாள் முழுக்கக் குழந்தை மாதிரி. நான் நாலு மணிக்கே எந்திரிச்சுப் பக்கத்துல உக்காந்துக்குவேன். வாயைத் திறந்தா பிஸ்கட் குடுப்பேன், தண்ணி குடுப்பேன். சில நாள் கையால வாயைப் பொத்திருவேன். பொத்துனா அழுவாரு."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"இவருதான் சொல்ல வேண்டாம்னாரு. இங்க வந்ததும் மறைச்சு ஒரு வீடு பிடிச்சோம். எட்டாம் நாள் சாமானைத் தூக்கி வெளிய வெச்சுட்டாங்க. அதுலேர்ந்து எனக்குப் பயம். அந்தக் கைக்குழந்தை வீட்டுல எப்படிக்கா இவரைக் கொண்டு போய் வெப்பேன்?"

"டெப்போ?"

அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "டெப்போ பக்கத்துல வெச்சா ஏதாவது ஒரு பஸ்ல ஏறிப் போயிருவாரு. எந்த ஊர்ல போய் இவரைத் தேடுறது?"

பிறகு, கண்டக்டரை எங்கேயாவது ஒரு விடுதியில் விட்டுவிடலாம் என்று லேத்காரர் பேச ஆரம்பித்திருப்பதையும் சொன்னாள். போய் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டும் வந்தாராம். பெரிய கேட், உள்ளே சுத்தமாகத்தான் இருந்தது என்றாராம். வந்ததிலிருந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

"என்னால முடியாதுக்கா. இந்த வேலைக்குப் பரீட்சை எழுதப் போன அன்னிக்கு, நான் தெருக்கோடியில ஓடி வர்றேன். மாமா நாலு நிமிஷம் பஸ்ஸை நிறுத்தி வெச்சாரு. பஸ் மொத்தமும் அவரைத் திட்டுது. மேலிடத்துல மெமோ குடுத்தாங்க. அப்படி எழுதின பரீட்சைல வந்த வேலை. அந்தச் சம்பளத்துல வீடு பிடிச்சு, அவருக்கு மட்டும் இடமில்லைன்னு எப்படிச் சொல்றது?"

அன்று சாயங்காலம் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டை மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். பையில் ஒரே அளவாகக் கிழித்த செய்தித்தாள் துண்டுகள். கீழே உட்கார்ந்து லேத்காரர் அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கம்மா, ஏறுங்க. லேடீஸ் சீட் காலியா இருக்கு," என்று கண்டக்டர் நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன்.

"எங்க போகணும்?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்கெல்லாம் போகாதும்மா. மெயின் ரோட்டுல எறங்கி நடந்துக்கணும்." ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

உள்ளே அந்த வீட்டுக்காரி பாத்திரங்களை 'ணங் ணங்'கென்று வைத்துக்கொண்டிருந்தாள். அது எங்களுக்காகத்தான் என்று தெரிந்தது.

லேத்காரர் தலை நிமிராமல் சொன்னார்: "சொல்லிக் கேட்டா எவன் வீடு குடுப்பான்க்கா? சொல்லாம போனா எட்டு நாளாவது இருக்கலாம்." சொல்லிக்கொண்டே அண்ணனுடைய சுண்டுவிரல் நகத்தை, வலிக்காமல், அவ்வளவு நிதானமாக வெட்டினார்.

கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, சலவைக்கூடத்தில் ஒரு கைவண்டியின் அடித்தகடு பிய்ந்துபோனது. சரிசெய்து வரும்படி மேற்பார்வையாளர் என்னைத்தான் அனுப்பினார். தகர வேலையெல்லாம் நடப்பது ஆஸ்பத்திரிக்குப் பின்னால், கால் மணி நடையில் இருக்கும் ஒரு தெருவில். வாளி, டிரங்குப் பெட்டி, தானிய டிரம், புகைபோக்கிக் குழாய் என்று ஒரு டஜன் பட்டறை. அந்தத் தெருச் சத்தம் காதில் கேட்காது, பல்லில் கேட்கும். பற்றவைக்கிற அமிலப் புகை மூக்கை அரிக்கும். எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே மனுஷர் குடியிருக்க முடியும் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். பட்டறை ஒன்றின் மாடியில் 'வீடு வாடகைக்கு' என்று ஒரு பலகை. வெயிலில் எழுத்து வெளுத்து, போன் நம்பரின் கடைசி எண்ணே உதிர்ந்து போயிருந்தது.

கீழே பட்டறை முதலாளியம்மா தகடு வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, கையில் தோல் உறை, ஆண்கள் போடுகிற மாதிரி பெரிய செருப்பு.

"ரெண்டு ரூம், சமையல் ரூம், தண்ணி எந்நேரமும் வரும். எட்டு மாசமா ஆள் இல்ல," என்று என் காதருகே கத்தினார். "பாக்க வருவாங்க. பத்து நிமிஷம் நிப்பாங்க. தலைவலின்னுட்டு ஓடிருவாங்க." வாடகை, வாத்தியார் வீட்டு வாடகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

மறுநாள் மூன்று மணிக்கு இரண்டு பேரையும் கூட்டிப் போனேன். வழியெல்லாம் லேத்காரர் சொல்லிக்கொண்டே வந்தார்: "ஒண்ணும் சொல்லிராத. இந்தச் சத்தத்துல யாருக்கும் தெரியாது." அவள் முன்னால் படியேறினாள். மாடியைப் பார்த்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். கீழே இறங்கி நேராக முதலாளியம்மாவிடம் போனாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"ஒண்ணு சொல்லணும்!"

"சத்தமா சொல்லும்மா!"

தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று ராத்திரி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள் பாவம். அந்தத் தெருவில் மெதுவாகச் சொல்ல வழியே இல்லை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். "எங்க கூட இவரோட அண்ணன் இருக்காரு!"

"இருக்கட்டுமே!"

"அவருக்குத் தலையில அடிபட்டிருக்கு!"

"என்ன பட்டிருக்கு?"

"அடி! காலைல எந்திரிச்சு அவரு—"

எதிர்ப் பட்டறைக்காரர் ஒரு டிரம்மைத் திருப்பிப் போடுவதற்காகச் சுத்தியலை நிறுத்தினார். பக்கத்துப் பட்டறையில் யாரோ பீடி பற்றவைக்க நிறுத்தினார்கள். எப்படியோ தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஓய்ந்துபோனது.

"—பைத்தியம் மாதிரிக் கத்துவாரு!"

அவள் குரல் தெருவின் இரண்டு கோடிக்கும் போய் வந்தது. பன்னிரண்டு பட்டறையும் எங்களைத் திரும்பிப் பார்த்தன. லேத்காரர் நெற்றியில் அறைந்துகொண்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

முதலாளியம்மா கத்தரியைக் கீழே வைத்தார்.

"இந்தத் தெருவுல யாரும்மா கத்தாம பேசுறா?" என்றார். எதிர்ப் பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். "எத்தனை மணிக்குக் கத்துவாரு?"

"காலைல அஞ்சு மணிக்கு."

முதலாளியம்மா முகம் மாறியது. "அஞ்சு மணிக்கா? ஏழு மணிக்குத்தாம்மா நாங்க கடை திறப்போம். அஞ்சு மணிக்கு இந்தத் தெரு மாதிரி அமைதியான தெரு ஊர்லயே கெடையாது. நான் கீழ பின்னாடி ரூம்லதான் படுக்கிறேன். எனக்குக் கெடைக்கிறதே அந்த ரெண்டு மணி நேரத் தூக்கம்தான்."

'பார்த்தியா' என்பது போல லேத்காரர் அவளைப் பார்த்தார்.

"யாரையாவது அடிப்பாரா?"

"ஐயோ, இல்லம்மா."

"கதவைத் திறந்துக்கிட்டு ஓடிருவாரா?"

"மாட்டாரு. டியூட்டி முடியாம பஸ்ஸை விட்டு எறங்கக் கூடாதுன்னு பாய்லயே உக்காந்திருப்பாரு."

முதலாளியம்மா கை உறையைக் கழற்றினார். லேத்காரர் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, நீங்க மறைச்சிருக்கலாம்ல?"

"நான் மறைக்கத்தாங்க சொன்னேன்," என்றார் லேத்காரர்.

அந்தப் பதில்தான் காரியத்தை நடத்தியது என்று நான் இப்போதும் நினைக்கிறேன். முதலாளியம்மாவுக்கு உதடு துடித்து ஒரு சிரிப்பு வந்து போயிற்று. "பத்து நாள் இருங்க. அட்வான்ஸ் இப்ப வேண்டாம். எனக்குத் தாங்குச்சுன்னா பதினோராம் நாள் வாங்கிக்கிறேன். தாங்கலேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன். மனசுல வெச்சுக்கக் கூடாது."

சாமான் ஒரு சின்ன லோடு ஆட்டோவுக்குள் அடங்கிவிட்டது. கண்டக்டர் பாய்ச் சுருட்டின் மேல் உட்கார்ந்து, வழியில் நின்ற ஒவ்வொரு சிக்னலிலும் "ரைட்!" கொடுத்துக்கொண்டே வந்தாராம். சுத்தியல் சத்தம் அவரை மிரட்டிவிடுமோ என்று பயந்தோம். அவருக்கோ அது பிடித்துப்போனது. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாள் முழுக்கத் தெருவைப் பார்த்தார். மூன்றாம் நாள், கீழே தகடு ஏற்றி வந்த வண்டி பின்னால் வரும்போது, "வரலாம், வரலாம், வரலாம்… ஹோல்டேன்!" என்று மேலிருந்து குரல் கொடுத்தார். டிரைவர் சரியாகச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினார்.

பகலைப் பற்றிக் கவலை இல்லை. காலை ஐந்து மணிதான் கவலை. அவள் வழக்கம்போல நாலு மணிக்கே எழுந்து பிஸ்கட்டும் தண்ணீருமாகக் காத்திருந்தாள். அந்த வீட்டில் வாயைப் பொத்துவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருந்தாள். என்ன நடந்தது என்று மடிக்கும்போது எனக்குச் சொல்வாள்.

"அஞ்சு அஞ்சுக்கு அவங்க ரூம்ல லைட் எரிஞ்சுதுக்கா."

மறுநாள்: "இன்னிக்கும் எரிஞ்சுது."

மூன்றாம் நாள்: "லைட் எரிஞ்சுது. ஏதோ சொல்லித் திட்டுற மாதிரியும் கேட்டுது."

நாலாம் நாள் கதவை அறைந்து சாத்திய சத்தம். அன்று அவள் மதியம் கொண்டுவந்த சோற்றைத் தொடவே இல்லை. என் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அதை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள், "லைட் எரியல," என்றாள்.

"எரியலையா?"

"எரியல. மாமா நல்லாத்தான் கத்துனாரு. இருந்தும் எரியல."

ஆறாம் நாளும் எரியவில்லை. ஏழாம் நாளும். அதன் அர்த்தம் எங்களுக்குப் புரியவில்லை. அந்தம்மா வேறு எங்காவது போய்ப் படுத்துக்கொள்கிறார்களா? கோபத்தில் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்களா? கேட்கவும் தைரியம் இல்லை. பார்த்தால் அவர் எப்போதும் போலத் தகடு வெட்டிக்கொண்டிருந்தாராம்.

பதினோராம் நாள் அவர்களோடு நானும் போனேன். மதிய இடைவேளை, பட்டறை ஓய்ந்திருந்தது. முதலாளியம்மா தட்டில் ரொட்டியும் வாழைப்பழமும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லேத்காரர் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மொத நாள் தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சு உக்காந்துட்டேன்," என்றார் முதலாளியம்மா. "படியில நிக்காதீங்கன்னு கேட்டதும், நாம எங்க நிக்கிறோம்னே ஒரு நிமிஷம் புரியல. மூணாம் நாள் நல்லா திட்டுனேன். நாலாம் நாள், போதும், சொல்லி அனுப்பிரலாம்னே நெனச்சேன்."

லேத்காரர் கையில் கவர் கசங்கியது.

"அஞ்சாம் நாள்தான் புத்தி வந்துச்சு. முப்பது வருஷம் தகரம் தட்டி எனக்கு எடது காது சுத்தமா அவுட்டு. வலது காதைத் தலகாணியில அழுத்திப் படுத்தா பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. இத்தனை வருஷமா மறு பக்கமா படுத்து, எலி ஓடுறதையெல்லாம் கேட்டுட்டு இருந்திருக்கேன், பாரு! இப்போ ஆறரை வரைக்கும் தூங்குறேன்." கையைத் துடைத்துக்கொண்டு கவரை வாங்கினார். பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் போட்டார். "வாடகைப் பலகையைக் கழட்டிருங்க தம்பி. ஸ்டூல் உள்ள இருக்கு."

லேத்காரர் ஸ்டூல் எடுக்கப் போனவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என்னா வேர்வை, என்னா வேர்வை," என்றார். மேலே வராந்தாவில் கண்டக்டர் யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை, புதுசு வேலைக்கு வரவில்லை. ஆறு மணிக்கு எனக்கு ஜோடி இல்லாமல் விரிப்புகள் உருளையிலிருந்து வந்து வந்து குவிந்தன. என்ன ஆயிற்றோ என்று என் கை ஓடவில்லை. ஆறே முக்காலுக்கு ஓடிவந்தாள். தலை சீவவில்லை. கன்னத்தில் பாயின் கோடு வரிவரியாகப் பதிந்திருந்தது. மேற்பார்வையாளர் நோட்டில் குறித்துக்கொண்டு நாலு வார்த்தை சொன்னார். இவள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கே அதற்கு மேல் திட்ட வரவில்லை.

"என்னாச்சு?" என்று முனையைக் கொடுத்தேன்.

"தூங்கிட்டேன்க்கா."

விலகினோம். சேர்ந்தோம்.

"நாலு மணிக்கு எந்திரிக்கலையா?"

"இல்ல."

"மாமா கத்தலையா?"

"கத்தாம இருப்பாரா? எனக்குத்தான் கேக்கல. இவருக்கும் கேக்கல. ரெண்டு பேரும் அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கிருக்கோம்."

"அப்புறம் யாரு எழுப்புனா?"

துணி விலகியது. அந்தக் கோடியில் நின்று அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்ப என்னிடம் நடந்து வர அவளுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. வந்து முனையைச் சேர்த்தாள்.

"மாமாதான். தோளைத் தட்டுறாரு. கண்ணைத் திறந்தா, 'கடைசி ஸ்டாப்பு வந்து எவ்வளவு நேரமாச்சு, எறங்குங்கம்மா, எறங்குங்க'ங்கிறாரு."